உப்பும் குண்டூசியும் இல்லாத பண்ணைவீடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஆண்கள் துப்பாக்கியோடு போனார்கள், பெண்கள் ராட்டை சுற்றினார்கள், வேண்டியதெல்லாம் வீட்டிலேயே விளைந்தது என்று அதில் ஒரு பத்தி. நம் கதர் இயக்கத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார் போலும். ராட்டை சுற்றியது உண்மை. "வேண்டியதெல்லாம்" என்ற சொல்தான் தவறு. பிரிட்டனை எதிர்த்து விடுதலைப் போர் நடந்த 1775 முதல் 1783 வரை, அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கத்துப் பண்ணைவீட்டுக்காரியின் கஷ்டத்தைக் கூட்டியது, வீட்டில் விளையாத சில சில்லறைப் பொருள்களும் வேலைக்கு ஆள் இல்லாததும்தான்.

துணியிலிருந்தே தொடங்குவோம். அந்தக் குளிரில் பருத்தி வராது. சட்டை, உள்ளாடை, படுக்கை விரிப்பு எல்லாம் ஆளிச்செடியின் நாரில் நெய்த லினன். குளிருக்கு ஆட்டுக் கம்பளி. கால் ஏக்கரோ அரை ஏக்கரோ ஆளிக்கு ஒதுக்கி, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ நெருக்கி விதைப்பார்கள். இடைவெளி விட்டால் தட்டு கிளைத்து, நார் குட்டையாகும். நான்கு விரல் உயரத்தில் களை. வெறுங்காலோடு, காற்றை எதிர்த்து நடந்து எடுப்பார்கள். மிதிபட்ட நாற்றைக் காற்றே நிமிர்த்திவிடும். ஏறத்தாழ நூறாம் நாள், தட்டின் அடிப்பகுதி மஞ்சளிக்கும்போது, அறுக்காமல் வேரோடு பிடுங்க வேண்டும். அறுத்தால் நாரின் நீளத்தில் அவ்வளவும் நட்டம்.

விதையை உதிர்த்ததும் ஊறல். நம் ஊரில் தேங்காய் மட்டையை ஊறப்போடும் அதே வித்தைதான். புல்தரையில் பரப்பிப் பனியில் கிடத்தினால் 2 முதல் 4 வாரம், நடுவே புரட்டிப் போட வேண்டும். குட்டையில் அமுக்கினால் ஒன்றிரண்டு வாரம். ஊறல் போதாவிட்டால் நார் தட்டைவிட்டுக் கழலாது. கூடிப்போனால் நாரே அழுகி, சீப்பில் இழுத்தவுடன் பொடியாகிவிடும். அதற்குக் கடிகாரம் கிடையாது. தினம் ஒரு தட்டை எடுத்து ஒடித்து, நார் தனியாக உரிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. பிறகு நன்றாகக் காயவிட்டு, மரத்தாடை வைத்த கட்டையில் கொடுத்து நொறுக்கி, மரக்கத்தியால் அடித்துச் சக்கையை உதறுவார்கள். இரண்டும் தோள்வலு கேட்கும் குளிர்கால வேலை. வழக்கத்தில் ஆண் செய்வது. அவன் முகாமில் இருந்தால் கட்டு பரணிலேயே கிடக்கும், அல்லது அவளே நொறுக்குவாள். கடைசியில் ஆணிச்சீப்பு: முதலில் பல் அகன்றது, பிறகு நெருங்கியது. கையில் நிற்பது நீள நார், சட்டைக்கு. சீப்பில் சிக்குவது குட்டை நார், சாக்குக்கும் முரட்டுத் துணிக்கும். காய்ந்த தட்டு நூறு பங்கில் நீள நார் பத்துப் பங்கு தேறினாலே பெரிது.

ஈரோட்டுக்காரர்கள் படிக்கும் பத்திரிகை என்பதால் கணக்கையும் சொல்லிவிடுவோம். ஆண் சட்டை ஒன்றுக்கு ஒரு கஜ அகலத் துணி மூன்று கஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்குப் பாவு (நீளவாட்டு நூல்) 30, ஊடை (குறுக்கு நூல்) 30 என்றால் ஒரு கஜத் துணிக்கு 2,160 கஜம் நூல். மூன்று கஜத்துக்கு 6,480. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். நெசவில் சுருங்குவதும் பாவுக் கடைசியில் வெட்டிப்போவதும் இதில் சேரவில்லை. நூலளக்கும் சக்கரத்தின் சுற்றளவு இரண்டு கஜம். நாற்பது சுற்று முடிந்ததும் உள்ளேயிருக்கும் மரச்சில்லு டக்கென்று ஒரு தட்டுத் தட்டும். அது ஒரு முடி, அதாவது ஒரு நூல்கட்டு, 80 கஜம். ஆக, ஒரு சட்டைக்கு அந்தச் சக்கரம் 81 முறை தட்ட வேண்டும். அப்புறம் நூலைச் சாம்பல் காரத்தில் அவித்து, நெய்து, துணியைப் புல்லில் விரித்து வெயிலில் வெளுக்க வேண்டும். இந்த மே மாதம் விதைத்தது அடுத்த கோடையில்தான் முதுகில் ஏறும்.

இத்தனையும் ஒரே வீட்டில் நடக்கவில்லை. ராட்டை ஏராளமான வீடுகளில் இருந்தது. தறி சில வீடுகளில்தான். ஒரு தறிக்குத் தீனி போட எத்தனை ராட்டை வேண்டும் என்பது சென்னிமலைப் பக்கம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருத்தி நூற்றதைப் பக்கத்து வீட்டுக்காரி நெய்வாள். கூலி பாலாடைக்கட்டியாகவோ இரண்டு நாள் வேலையாகவோ திரும்பும். கம்பளிக்குச் சிக்கெடுக்கும் கார்டு என்ற பலகையின் கம்பிப்பல் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தது. சுதேசித் துணிக்கே சீமைக் கம்பி! 1775 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாகாணப் பேரவை, குளிருக்குள் படைவீரர்களுக்கு 13,000 கோட்டு வேண்டும் என்று ஊர் ஊராகப் பங்கு பிரித்துக் கேட்டது. ஆட்டு மயிர் ஏற்கெனவே கத்தரித்தாகிவிட்டது, கார்டு பழசு, வீட்டில் உள்ளவர்களுக்கும் அதே மயிரில்தான் அந்த ஆண்டுக் குளிராடை. அந்த ஆணையின் கனம் அப்போதுதான் தெரியும்.

இனி உப்பு. நம் கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. எங்களைக் கேட்டால் துணியைவிட இதுதான் அவளை அதிகம் வதைத்தது. பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு உப்பு வந்தது மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் போர்த்துகல், இங்கிலாந்திலிருந்தும். போரில் கடல்வழி அடைபட்டதும் வரத்து சுருங்கியது. உப்பில்லாவிட்டால் கஞ்சி சப்பென்று இருக்கும் என்பதோடு விஷயம் நிற்கவில்லை. நவம்பர், டிசம்பரில் வெட்டும் பன்றி அடுத்த கோடை வரை பீப்பாயில் இருக்க வேண்டும். ஒரு பீப்பாய் என்பது 200 பவுண்டு இறைச்சி. நூறு பவுண்டுக்குக் குறைந்தது எட்டு, பத்து பவுண்டு உப்பு. பீப்பாய்க்கு ஒன்பது கிலோ என்று கொள்ளுங்கள். கடல்நீரைக் காய்ச்சி எடுத்தால் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 லிட்டர். ஒரு பீப்பாய்க்கு 270 லிட்டர் கடல்நீரும் அதை வற்றவைக்க விறகும் வேண்டும். உள்நாட்டுக்காரி அதற்கு எங்கே போவாள்? கேப் காட் தீபகற்பத்தின் டென்னிஸ் ஊரில் ஜான் சியர்ஸ் என்பவர் 1776இல் மரத்தொட்டி கட்டி வெயிலில் உப்பு எடுக்கத் தொடங்கினார். முதல் ஆண்டில் கிடைத்தது எட்டே புஷல் (ஒரு புஷல் ஏறத்தாழ 35 லிட்டர் கொள்ளளவு). ஊரார் அதைச் சியர்ஸின் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வேதாரண்யம், தூத்துக்குடி வெயில் அங்கே கிடையாதே.

உப்பைக் கஞ்சத்தனமாகப் போட்டால் என்ன ஆகும்? மேல்கறி நன்றாகவே இருக்கும். எலும்பை ஒட்டிய இடத்தில், உப்பு போய்ச் சேருமுன் உள்ளேயே கெட்டுவிடும்; மார்ச் மாதம் வெட்டும்போதுதான் நாற்றம் தெரியும். உப்புநீரின் அளவுக்கு முட்டைதான் சோதனை: பச்சை முட்டை மிதக்க வேண்டும், மூழ்கினால் உப்பு போதாது. இறைச்சி ஒரு விரல்கூட மேலே தெரியாதபடி கல்லை வைத்து அமுக்க வேண்டும். நாள்பட்டு இரத்தம் கசிந்து நுரைத்தால் அந்த நீரை வடித்துக் கொதிக்கவைத்து, நுரையை எடுத்து, நன்றாக ஆறவிட்டு மீண்டும் ஊற்றலாம். சூடாக ஊற்றினால் இறைச்சி வெந்து கெடும். உப்பு அரிதான ஆண்டுகளில் இந்த மறுகாய்ச்சல் சிக்கனம் அல்ல, கட்டாயம்.

உப்புக்கும் ஆள் பற்றாக்குறைக்கும் ஒரு முடிச்சு உண்டு. பசுவுக்கு ஆறு மாதக் குளிருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் உலர்புல் வேண்டும். அதை அறுத்து உலர்த்துவது ஜூலையில், சில நல்ல வெயில் நாள்களுக்குள். ஈரத்தோடு குவித்து அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். சில வேளை தானே தீப்பிடிக்கும். ஊர்ப்படையை அழைக்கும் மணி அந்த வாரத்தில் அடித்தால் நீள அரிவாள் பிடிக்க ஆள் இல்லை. புல் குறைந்தால் மாட்டைக் குளிருக்கு முன்பே வெட்ட வேண்டும். வெட்டினால் உப்பு வேண்டும். உப்பு இல்லை. விற்கலாம் என்றால் அண்டை வீட்டிலும் அதே நிலை. வாங்குபவன் விலையை அமுக்குவான். மாடு போனால் வெண்ணெய், பாலாடைக்கட்டி போகும். அவளுக்கென்று சந்தையில் விற்க இருந்த சரக்கே அவை இரண்டும்தான்.

பாலாடைக்கட்டியிலும் நுணுக்கம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறோம். பத்துப் பங்கு பாலுக்கு ஒரு பங்கு கட்டி. உறைய வைப்பது கன்றுக்குட்டியின் நான்காம் இரைப்பையை உப்பிட்டு உலர்த்தியது, அங்கேயும் உப்பு.

குண்டூசிக்கு வருவோம். இதைப் படித்துச் சிலர் சிரிக்கலாம். அந்தக் காலப் பெண்களின் மேலாடைக்கு முன்பக்கம் பித்தான் கிடையாது, குண்டூசிதான். குழந்தையின் அரைத்துணிக்கும் அதுவே. பித்தளைக் கம்பி இழுத்து, நறுக்கி, கூராக்கி, தலை சுற்றிப் பதிக்கும் வேலை பண்ணை வீட்டுக்கு ஆகாது. எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. பிரெயின்ட்ரீ ஊரில் பண்ணையைக் கவனித்துக்கொண்டிருந்த அபிகெய்ல் ஆடம்ஸ், பிலடெல்பியாவில் காங்கிரஸ் (குடியேற்றங்களின் பொதுப் பேரவை) கூட்டத்தில் இருந்த கணவர், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் அதிபரான ஜானுக்கு 1775 ஜூன் 16 அன்று எழுதிய கடிதத்தில் குண்டூசி அனுப்பச் சொல்கிறார்: ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இருபது ஷில்லிங்கு, அதற்கும் கிடைக்கவில்லை. மறுநாள் பாஸ்டன் அருகே பங்கர் குன்றுச் சண்டை. அதன் புகையைத் தம் ஊர்க் குன்றின் மேலிருந்து மகன் ஜான் குவின்சியோடு பார்த்தவர் அவர். ஒரே வாரத்தில் இரண்டு கவலையும் ஒரே தலையில்.

கடையில் கிடைக்காததற்கு மாற்று தேடியதில் சில தேறின, சில தேறவில்லை. தேயிலைக்குப் பதில் ராஸ்பெர்ரி இலை, சேஜ் இலை போட்டுக் குடித்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் வெல்லப்பாகுக்குப் பதில் 1777இல் மாசசூசெட்ஸில் மக்காச்சோளத் தட்டை ஆலையாட்டிச் சாற்றைக் காய்ச்சினார்கள். ஒரு மாதம் முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் எவ்வளவோ பீப்பாய் கிடைத்திருக்கும் என்று அபிகெய்ல் அங்கலாய்க்கிறார். கரும்பாலை பார்த்த நம்மவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்: தட்டு முற்றிக் காய்ந்தால் சாறு எங்கே?

வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு வேறு கதை. பிரிட்டனுக்கு அது போனது நம் பீகார், வங்காளப் பக்கத்து மண்ணிலிருந்து. அந்த வழி அடைபட்ட குடியேற்றங்கள், 1775இல் காங்கிரஸ் வெளியிட்ட செய்முறையைப் பார்த்துத் தொழுவத்தின் அடிமண்ணைத் தோண்டின. அந்த மண்ணைப் பீப்பாயில் இட்டு நீர் ஊற்றி வடித்து, வடிநீரை மரச்சாம்பல் வழியே விட வேண்டும். சாம்பலை விட்டுவிட்டால் கிடைக்கும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதில் செய்த வெடிமருந்து தீப்பற்றாது. பிறகு காய்ச்சும்போது, கொதியிலேயே அடியில் படிவது சாப்பாட்டு உப்பு. அதை அகப்பையால் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். இறக்கி ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிவதுதான் வெடியுப்பு. இதில் பண்ணைவீட்டுக்காரிக்கு வந்த வினை சாம்பல். அவள் சோப்புக்கும் அதே சாம்பல்தான். ஒரு பீப்பாய் சோப்புக்கு ஆறு புஷல் சாம்பலும் 24 பவுண்டு கொழுப்பும் வேண்டும். சாம்பலும் ஓக், ஹிக்கரி போன்ற கட்டைமர வகையாக இருக்க வேண்டும், பைன் சாம்பலில் காரம் ஏறாது. காரநீருக்கும் முட்டைதான் சோதனை. முட்டை மூழ்கினால் நீர்த்த காரம். எவ்வளவு கிண்டினாலும் கொழுப்பு தனியே மிதக்கும். முழுதாக மிதந்தால் கையைத் தின்னும்.

பணத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. போருக்காக அச்சடித்த காகிதப் பணம் கரைந்துகொண்டே வந்து, 1780 மார்ச்சில் நாற்பது காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று காங்கிரஸே ஒப்புக்கொண்டது. கணவன் அனுப்பும் படைச்சம்பளம் இந்தக் காகிதம். படைக்கு வைக்கோலும் தானியமும் எடுத்தால் பல வேளை அதுவும் இல்லை, ஒரு சீட்டு மட்டும். (அதே 1780இல் ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் இடையில் சிக்கிய காஞ்சிபுரம், புள்ளலூர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அந்தச் சீட்டாவது கிடைத்திருக்குமா?) பதுக்கல் தாங்காமல் 1777 ஜூலையில் பாஸ்டனில் நூறு பெண்களோ அதற்கு மேலோ வண்டியோடு திரண்டு, காப்பிக்கொட்டையைப் பவுண்டு ஆறு ஷில்லிங்குக்குக் குறைத்துத் தரமாட்டேன் என்ற ஒரு பெரு வணிகரின் கிடங்குக்குப் போனார்கள். சாவி கேட்டார்கள், தரவில்லை. ஒருத்தி கழுத்தைப் பிடித்து அவரை வண்டிக்குள் தள்ளினாள். சாவி வந்தது. வண்டியைச் சாய்த்து அவரை இறக்கிவிட்டு, கொட்டையை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்கள் கூட்டமாக நின்று வாய் திறவாமல் பார்த்தார்கள்.

அபிகெய்ல் எடுத்த வழி வேறு. கூலி கட்டுப்படியாகாமல் 1778இல் பண்ணையை, விளைச்சலில் பாதி தர வேண்டும் என்று குத்தகைக்கு விட்டுவிட்டார். ஐரோப்பாவில் தூதராக இருந்த கணவரிடம் காசாக அனுப்ப வேண்டாம், கைக்குட்டை, குண்டூசி, ரிப்பன், தேயிலை என்று சரக்காக அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கி, உறவினர் மூலம் சில்லறைக்கு விற்றார். தாய்நாட்டுப் பற்றில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் குடும்பம் நின்றது இறக்குமதியில்!

இவ்வளவும் செய்தவளுக்குச் சட்டத்தில் தனிப்பெயர் இல்லை என்பதையும் சேர்க்க வேண்டும். மணமான பெண் கணவனுக்குள் அடக்கம். நிலத்தை விற்கவோ வழக்குப் போடவோ அவளால் தனியாக முடியாது. அவள் விற்ற வெண்ணெயின் பணமும் அவன் கணக்கு. அவன் பிரிட்டிஷ் பக்கம் ஓடிப்போயிருந்தால் நிலம் பறிமுதல். நாட்டைவிட்டுப் போகாமல் அவள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கை அனுபவிக்கும் உரிமை மட்டும் கிடைக்கலாம். கணவனோடு போன அன்னா மார்ட்டினின் நிலத்தை மாசசூசெட்ஸ் எடுத்துக்கொண்டது. மனைவி கணவன் சொல்லைத் தட்ட முடியாதவள், ஆகவே போனது அவள் குற்றமல்ல என்று அவர் மகனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது 1805இல். போர் முடிந்து 22 ஆண்டுக்குப் பிறகு. "பண்ணைவீட்டுக்காரி" என்றால் எஜமானி மட்டும் என்றும் எண்ணக் கூடாது. அதே மாசசூசெட்ஸின் ஷெஃபீல்டில் அடிமையாக உழைத்த பெட் என்ற பெண் 1781இல் வழக்காடி விடுதலை பெற்று எலிசபெத் ஃப்ரீமன் ஆனார். நூற்ற கைகளில் இப்படிப்பட்ட கைகளும் இருந்தன.

கடைசியாக, கட்டுரையோடு வந்த ஓவியம். ஆளுயரச் சக்கரத்தின் முன் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெரிய சக்கரம் கம்பளிக்கு. அதற்கு மிதி கிடையாது. வலக்கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டு, இடக்கையில் கம்பளிப் பட்டையைப் பிடித்தபடி பின்னால் நடந்து நூலை இழுத்து, மறுபடி முன்னால் நடந்து கதிரில் சுற்ற வேண்டும். நாள் முழுக்க நடைதான். உட்கார்ந்து, காலால் மிதித்து, விரலை நனைத்து நூற்பது ஆளிக்கான சின்னச் சக்கரத்தில். அடுத்த முறை அந்த ஓவியத்தைப் போடுவதாக இருந்தால் நாற்காலியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நூல், நெசவு வரலாற்றில் ஈடுபாடுள்ள வாசகர்கள் இருவர்,
ஈரோடு